பாண் சொதியும் கோவாக் கடையலும்

நாற்பது பாகை வெயில் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருக்கிற ஒரு டிசம்பர் முற்பகலில், சின்னதொரு "குசினி"க்குள், பாலில் வெங்காயமும் கராம்பும் கிடந்து கொதிக்கிற வாசனையை நீங்கள் முகர்ந்திருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பாயசமாக்கும் என்று மூக்கைக் கிட்டக் கொண்டுபோனால் வெங்காயம் மணக்கும். சரி, கறிதான் என்று நினைத்தால் கராம்பு வந்து ஏமாற்றும். அதற்குள் பிய்த்துப் போட்ட பாண், அதுதான் ரொட்டி, ஊறிக் கரைந்து களியாகிக்கொண்டிருக்கும். எனக்கு நத்தார், அதாவது கிறிஸ்மஸ், என்றால் இன்றைக்கும் அந்த வாசனைதான். சிட்னியில் வளர்ந்த மற்றப் பிள்ளைகளைக் கேட்டால் இறாலையும் ஐஸ்கிறீமையும் கடற்கரையையும் சொல்வார்கள். நான் பாண் சொதி என்பேன். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

"பாண் சொதி" எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சொதியை நினைத்து அம்மா வைத்த பெயர். அந்தச் சமையலின் சொந்தக்காரி நோரீன் அன்ரி. அயர்லாந்தின் மேற்குக் கரையில் எந்நேரமும் மழை பெய்கிற ஒரு ஊரில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் பற்றிக் அங்கிளைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு செங்கல் வீடு அவர்களுடையது; அதே வளவின் பின்பக்கத்தில், உடுப்புக் காயப்போடும் கம்பிக்கு அப்பால், இரண்டு அறையும் ஒரு குசினியுமாக நின்ற சின்ன வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா படகில் வந்தவர். விசா கிடைத்து, அவர் எங்களைக் கூப்பிட்டு, நானும் அம்மாவும் வந்து சேர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு லிட்கம் பக்கம் ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. பகல் முழுக்கத் தூங்குவார். அம்மாவுக்கு ஒரு பொதி கட்டுகிற இடத்தில் ஐந்து மணி வரை வேலை. பள்ளிக்கூடம் மூன்று மணிக்கே விட்டுவிடும். அந்த இரண்டரை மணித்தியாலம் நான் நோரீன் அன்ரியின் பொறுப்பு. அவர் கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது, "பிள்ளை ஏன் படியில குந்திக்கொண்டிருக்குது?" என்று ஒருநாள் வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனவர், அதன்பிறகு விடவில்லை. அவர் பேசியது ஆங்கிலம், அதுவும் உருட்டி உருட்டிப் பேசுகிற ஐரிஷ் ஆங்கிலம். அதை நான் என்னுடைய தமிழில்தான் இங்கே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊரெல்லாம் நத்தாருக்குக் குளிர்ச்சியாகச் சாப்பிட்டு நீச்சல்குளத்தில் விழுந்து கிடக்க, நோரீன் அன்ரி வீட்டில் மட்டும் ஓவனும் நான்கு அடுப்பும் ஒரேயடியாக எரியும். நடுவில் பன்றித் தொடையும் வான்கோழியும். அவை எங்களுக்கு உதவாது. எங்கள் வீட்டில் அப்படியானவற்றுக்கெல்லாம் பொதுவாக "மச்சம்" என்று பெயர், அம்மா தொடவும் மாட்டா. ஆனால் அந்த நடுவைச் சுற்றி வருகிற பக்கச் சாப்பாடு இருக்கிறதே, ஐயோ, அது ஒரு ஊர்வலம்! கேல் என்கிற கீரையும் கோவா என்கிற முட்டைக்கோசும் அவித்துக் கொத்தி, உருளைக்கிழங்கோடும் பாலோடும் வெங்காயத்தாளோடும் சேர்த்து மசித்து, நடுவில் குழி தோண்டி வெண்ணெய் உருக்கி ஊற்றிய கோல்கனன். கரட்டையும் பார்ஸ்னிப் என்கிற வெள்ளைக் கிழங்கையும் மசித்து மிளகு தூவிய ஒன்று. நெல்லிக்காய் அளவில் குட்டிக் கோவா வதக்கல். வாத்துக் கொழுப்பில் முறுகிய உருளைக்கிழங்கு, அது மட்டும் எனக்கு ஆகாது. பிறகு இந்தப் பாண் சொதி. எங்களுக்குச் சோறு நடுவில், மற்றதெல்லாம் பக்கத்தில். அவர்களுக்கு இறைச்சி நடுவில். நான் அவர்கள் மேசையில் நடுவையே விட்டுவிட்டுப் பக்கங்களை மட்டும் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிடுவேன். இரண்டு நத்தார் அப்படிப் போனது. அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாப்பாடடி இது, ஆனா பிழையில்லை" என்று தீர்ப்புச் சொன்னா.

மூன்றாவது வருடம், ஜூன் மாதக் குளிரில், நோரீன் அன்ரிக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது, வலது கை செத்துப்போனது. பேச்சு திரும்பி வந்தாலும் பொருட்களின் பெயர்கள் மட்டும் அவரோடு ஒளித்துப் பிடித்து விளையாடின. கரண்டியைப் பார்த்து "அது, அந்தக் கிண்டுறது" என்பார், தன் மேலேயே எரிச்சல்பட்டு மேசையில் இடது கையால் ஒரு குத்துக் குத்துவார். அன்றிலிருந்து பின்னேரச் சாப்பாடு எங்கள் குசினியிலிருந்து போனது. யாரும் பேசி முடிவெடுத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அம்மா வேலையால் வந்து என்னைக் கூட்டிப்போக முன்வீட்டுக்குப் போவா, போகும்போது கையில் ஒரு சட்டி இருக்கும், அவ்வளவுதான். நோரீன் அன்ரி வழக்கம்போல என்னை வைத்துக்கொண்டார்; ஒரு கையால் ஒரு பிள்ளையை மேய்க்க முடியாதா என்ன, வாய்தானே வேலை செய்ய வேண்டும்.

பாரிசவாதம் வந்தது தெரியுமே தவிர, இது ஒன்றும் மகன் டெக்லனுக்குத் தெரியாது. டெக்லன் பேர்த்தில் சுரங்க வேலை பார்க்கிறவர், நான் அதுவரை கண்டதில்லை. ஞாயிறு தோறும் தொலைபேசியில் வருவார். நோரீன் அன்ரி வேண்டிய சொற்களை முதலே ஒரு தாளில் என்னைக்கொண்டு எழுதுவித்து வைத்துக்கொண்டு, "கை நல்லாய் வந்திட்டுது, நேற்றுக்கூட நான்தான் சமைச்சனான்" என்று வாசிப்பார். அந்தப் பொய்களை எழுதியவள் நான். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினேன் என்ற பெருமைகூட எனக்கு இருந்தது.

நவம்பர் மாதம் ஒரு ஞாயிறு டெக்லன் விட்டுக்கொடுக்காமல் பேசினார். ஒரு முதியோர் இல்லத்தில் இரண்டு பேருக்கும் இடம் பார்த்துவிட்டாராம், வீட்டை விற்க வேண்டிவரும், கடதாசிகளை நத்தாருக்கு எடுத்துவருகிறாராம். அன்ரி தாளில் இல்லாத சொற்களையெல்லாம் எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்து கத்தினார். "வந்து பார்! மேசையில எல்லாம் இருக்கும், ஒவ்வொரு வருசமும் இருக்கிற மாதிரி. ஒண்டு குறைஞ்சாலும் நான் கையெழுத்துப் போடுறன்." சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு பொல்லை ஊன்றிக்கொண்டு, புல்லைக் கடந்து, பாரிசவாதம் வந்தபிறகு முதல் தடவையாக எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா "கதிரை"யை இழுத்துப் போட்டா. அன்ரி உட்கார்ந்து தன் வலது கையைத் தூக்கி, இடது கையால் தூக்கித்தான், அம்மாவின் மடியில் வைத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் விளங்கியதோ இல்லையோ, அது விளங்கியது. டெக்லன் சொன்னதை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்கு முன்னமே தலையாட்டிவிட்டா.

அப்பாவுக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. "உமக்கேன் இந்த வேலை? வீட்டுக்காரர் வீட்டுச் சண்டைக்குள்ள தலையைக் குடுக்காதையும்" என்றார். "இஞ்சேருங்கோ, வீட்டை வித்தா நாங்கள் எங்க போறது? வேற வீடு எடுத்தா, பிள்ளையை மூண்டு மணிக்கு ஆர் பாக்கிறது?" என்று அம்மா கேட்டா. பிறகு குரலைக் குறைத்து, "அதை விடுங்கோ. அந்த மனிசி அங்க போனா ஒரு மாதம் இருக்காது" என்றா. அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

இரண்டு சனிக்கிழமை ஒத்திகை பார்த்தோம். வாத்துக் கொழுப்பும் இறைச்சியும் சம்பந்தப்பட்டதெல்லாம் முன்வீட்டில் பற்றிக் அங்கிளின் தலையில். பாலும் வெண்ணெயும் மரக்கறியுமாக இருப்பதெல்லாம் பின்வீட்டில், அம்மாவின் சைவச் சட்டிகளில். நோரீன் அன்ரி எங்கள் குசினியின் நடுவில் கதிரை போட்டு இருந்துகொண்டு பொல்லால் காட்டிக் காட்டி அதிகாரம் பண்ண, அம்மா தமிழில் முணுமுணுக்க, நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வடிகட்டி மொழிபெயர்த்தேன். கோவா அவித்த தண்ணீரை ஊற்றச் சொன்னதில் அம்மாவுக்குப் பெரிய கோபம். "சத்தெல்லாம் அதிலதானே கிடக்கு, விசரே இவவுக்கு!" இதை நான் "அம்மா சரி என்கிறா" என்று மொழிபெயர்த்தேன். கிழங்கைத் தோலோடு அவித்துச் சுடச்சுட உரிக்க வேண்டும், பால் கொதித்தபடிதான் சேர வேண்டும், மத்தால் ஓங்கி அடிக்கக்கூடாது, அடித்தால் பசையாகிவிடும். அம்மாவின் விரல் சிவந்துபோனது. இரண்டாம் சனிக்கிழமை அன்ரி ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இதுதான்" என்றார். நானும் சாப்பிட்டேன். உப்பு, வெண்ணெய், கோவாவின் மெல்லிய கசப்பு. இதை மறக்காதீர்கள்: அது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் பிள்ளையார் கதை விரதம் பிந்தித் தொடங்கி, நத்தாரை உள்ளே விழுத்திக்கொண்டது. இருபத்தொரு நாள், இருபத்தோரிழைக் காப்பு மணிக்கட்டில், ஒரு நேரச் சாப்பாடு. பின்னேரம் மேய்ஸ் ஹில் கோயிலில் கதை கேட்டு வந்தபிறகுதான் அம்மா வாயில் ஏதும் வைப்பா. பகலில் உப்புக்கூடப் பார்க்க மாட்டா. ஆகவே உப்புப் பார்க்கிற வேலை எனக்கு. அகப்பையால் எடுத்து என் உள்ளங்கையில் விடுவா, நான் நக்கிவிட்டுச் சொல்ல வேண்டும். விரதகாலத்தில் பொய் சொல்லக்கூடாதே என்று நான் ஒருமுறை குத்திக் காட்டியதற்கு, "நான் எங்க பொய் சொல்லுறன்? நான் சமைக்கிறன், அவ்வளவுதான்" என்றா.

நத்தாரன்று காலை பற்றிக் அங்கிள் விமான நிலையத்துக்குப் போய் மகனைக் கூட்டிவந்தார். அன்ரி மடிப்புக் கலையாத மேற்சட்டை போட்டு, செத்த கைக்கு மேல் ஒரு குசினித் துணியைப் போட்டுக்கொண்டு, இப்போதுதான் வேலை முடித்து நிமிர்ந்தவர் போல வாசலில் நின்றார். பின்வீட்டில் நானும் அம்மாவும் வியர்வையில் குளித்தபடி. பாண் சொதி முடிந்தது, கரட் முடிந்தது, குட்டிக் கோவா முடிந்தது. ஒவ்வொன்றாக உடுப்புத் தோய்க்கிற அறைக் கதவால், டெக்லன் கண்ணில் படாமல், நான் கொண்டுபோய் அங்கிளிடம் கொடுத்தேன். கடைசியாகக் கோல்கனன். அம்மா அதற்கு எப்போதோ "கோவாக் கடையல்" என்று பெயர் மாற்றிவிட்டா. என் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "எப்பிடிப் பிள்ளை?" என்றா.

அது ஒத்திகையில் இருந்தது போலவே இருந்தது. அச்சொட்டாக அப்படியே இருந்தது. நான் "சப்பெண்டு கிடக்கு" என்றேன்.

ஏன் சொன்னேன்? எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். டெக்லன் என்கிற அந்தப் பெரிய மனிதன் ஒரு வாய் வைத்ததும் மயங்கிப்போய்க் கடதாசியைக் கிழித்துப்போட வேண்டும் என்று எனக்கு ஆசை. வெறும் கிழங்குக்கும் கோவாவுக்கும் யார் மயங்குவார்கள்? பன்னிரண்டு வயது மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது. "உப்புக் காணாதோ?" என்று அம்மா கேட்டா. "உப்பில்லையம்மா. ஒண்டுமே இல்லை. இதைச் சாப்பிட்டா அவர் அன்ரியைக் கொண்டுபோயிடுவார்." அம்மா சட்டியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. வாயில் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் என்னைப் பிடித்திருப்பா, வைக்க முடியாதே. பாதியை ஒரு ஏதனத்தில் அள்ளிப் புறம்பாக மூடி வைத்தா. பிறகு தாச்சியை அடுப்பில் வைத்து, வெண்ணெயை விட்டு, கடுகு வெடிக்க, செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலையை உருவிப் போட்டு, அந்தத் தாளிதத்தை மற்றப் பாதியின் நடுக்குழிக்குள் சுர்ரென்று ஊற்றினா. அம்மாவுக்கும் முகம் மலர்ந்துதான் போனது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

நான் கழுவித் துடைத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வழக்கம்போல் முன்கதவால் விருந்தாளியாகப் போனேன். மேசையில் எல்லாம் இருந்தது. டெக்லன் ஒவ்வொன்றாகப் பார்த்து, எண்ணியே பார்த்திருப்பார், தாயைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு. வில்லன் போன்ற ஓர் ஆளை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த, தாய்க்கு என்ன ஆகுமோ என்று பேர்த்தில் தூக்கமில்லாமல் கிடந்த ஒரு மனிதர் அவர். அன்ரி நடுக்குழியில் மிதந்த இலைகளை அப்போதுதான் கண்டார். அவர் பார்வை மெதுவாகத் திரும்பி என்மேல் வந்து நின்றது. நான் தட்டுக்குள் குனிந்துகொண்டேன்.

டெக்லன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். இரண்டு விரலால் ஒரு கறிவேப்பிலையை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "அம்மா, இது என்ன?" என்று கேட்டார். பற்றிக் அங்கிள் பாவம், தன்னால் ஆனதைச் செய்தார். "அது புதுசா வந்திருக்கிற ஒரு கேல்" என்றார்.

அன்ரி முள்ளுக்கரண்டியை வைத்தார். செத்த கை மேல் கிடந்த துணியை எடுத்து மேசையில் போட்டார். சொற்கள் ஒவ்வொன்றாக, கிணற்றிலிருந்து வாளி வருகிற மாதிரி வந்தன. "இதை நான் செய்யேல்லை. மேசையில கிடக்கிற ஒண்டும் நான் செய்யேல்லை. ஜூன் மாதத்தில இருந்து ஒரு கிழங்கு நான் உரிக்கேல்லை. பின்வீட்டுப் பெண் சமைக்கிறா. அவவின்ர பிள்ளையை நான் பாக்கிறன். உனக்குப் போனில சொன்னதெல்லாம் பொய். இப்ப உன்ர கடதாசியைக் கொண்டு வா." டெக்லன் தாயின் கையைப் பார்த்தார். பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, குசினிக்குள்ளால், தோய்க்கிற அறைக்குள்ளால், பின்வீட்டை நோக்கி நடந்தார். என்னால்தான், எல்லாம் என்னால்தான் என்று அழுதுகொண்டு நான் பின்னால் ஓடினேன்.

அம்மா கதவைத் திறந்தபோது கையில் அகப்பை இருந்தது. அவரைக் கண்டதும், பின்னால் நின்ற என் கோலத்தையும் கண்டதும், அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டா. அவர் கேட்டது வேறு. தினமும் நீங்களா சமைத்துக் கொடுக்கிறீர்கள்? அம்மா தன் துண்டு துண்டான ஆங்கிலத்தில், ஞாயிறு மட்டும் அங்கிள் சொசேஜ் பொரிப்பார், மற்ற நாளெல்லாம் தான்தான் என்றா. இரவில் விழுந்தால், குளியலறையில் விழுந்தால், யார் தூக்குவார்கள் என்று கேட்டார். நான் அம்மாவின் பாவாடையைப் பிடித்து இழுத்தேன்: சொல்லாதே என்று. விரதக்காரி சொன்னா. இரண்டு தடவை விழுந்தவ, அங்கிளால் தனியத் தூக்க ஏலாது. கோயிலடியில் வாங்கின கைமணி ஒன்று அன்ரியின் கட்டிலடியிலும் இன்னொன்று குளியலறையிலும் தொங்குகிறது. பகலென்றால் அவ மணியடிக்க அப்பா இடுப்பில் கட்டின சாரத்தோடு ஓடுவார், இரவென்றால் அம்மா ஓடுவா. இரண்டு தடவையும் ஓடித் தூக்கினார்கள்.

டெக்லன் எங்கள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு வந்த ஆள், பெருநாளும் அதுவுமாகப் பாதிச் சாப்பாட்டில் எழும்பி வந்த ஆள். அம்மா உள்ளே போய் அந்தப் புறம்பாக மூடி வைத்த ஏதனத்தை எடுத்துவந்து, எனக்கு விடுகிற பழக்கத்தில், அகப்பையால் அள்ளி அவரை நோக்கி நீட்டினா. அவரும் என்ன நினைத்தாரோ, உள்ளங்கையை ஏந்தினார். தாளிதம் இல்லாத கடையல். நக்கினார். பிறகு இன்னொரு முறை கையை நீட்டினார்.

"இது என்ர அம்மாவின்ரது" என்றார். அம்மா தலையை ஆட்டி, "ஓம், அவதான். என்ர கை மட்டும்" என்றா. அம்மா அதைத் தமிழிலேயே சொல்லிவிட்டா. மொழிபெயர்க்க நான் வாய் திறந்தேன், வரவில்லை, விக்கி விக்கி அழுகைதான் வந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னேன். அந்த நாற்பது வயது மனிதர் ஒரு கையில் கிழங்கோடு மற்றக் கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த நாள் அவரும் பற்றிக் அங்கிளும் குளியலறையில் கைபிடிக் கம்பிகள் பூட்டினார்கள். ஒன்று கோணலாகப் போய்ச் சுவரில் இரண்டு ஓட்டை கூட விழுந்தது. வாரத்துக்கு ஒரு நாள் தாதி வருவதற்கும் அவர் ஏற்பாடு செய்தார். கடதாசிகள் கையெழுத்தில்லாமல் பேர்த்துக்குத் திரும்பிப் போயின. நான் நோரீன் அன்ரியிடம் போய், தாளிதத்துக்குக் காரணம் நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும். நல்லதொரு கோல்கனனைக் கெடுத்துப் போட்டாய்" என்றார், பாதி வாயால் சிரித்துக்கொண்டு. அன்பு வந்ததற்காகப் பக்குவத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். அதன்பிறகு நான்கு நத்தார் வந்தது. நான்கிலும் கறிவேப்பிலை அந்தச் சட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் விட்டதை நக்கிவிட்டு "சரி" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஐந்தாம் வருடம், ஒரு குளிர்காலக் காலையில், அன்ரி தன் வீட்டில், தன் கட்டிலில் போய்ச் சேர்ந்தார்.

இப்போது அந்த வளவில் முன்வீடும் இல்லை, பின்வீடும் இல்லை. மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. எங்கள் படி இருந்த இடத்தில் கார் இறங்குகிறது. பற்றிக் அங்கிள் பேர்த்தில் மகனோடு கொஞ்சக் காலம் இருந்து, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா விரதம் பிடிப்பதை மருந்துக் குளிசைகள் நிறுத்திவிட்டன. நத்தாருக்கு ஓவனை மூட்டுகிற வீடு எங்கள் தெருவில் ஒன்றும் கிடையாது, நாங்களும் மற்றவர்களைப் போல் குளிர்ச்சியாகத்தான் சாப்பிடுகிறோம். பாண் சொதி ஒரு தடவை வைத்துப் பார்த்தேன், கட்டிபட்டுப்போனது.

எனக்கு இப்போது வேலை என்ன தெரியுமா? வயதானவர்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் தங்கள் வீட்டிலேயே தொடர்ந்து இருக்கலாமா என்று பார்த்து எழுதுவது. கையில் ஒரு படிவம் இருக்கும். அதில் ஒரு கேள்வி: தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிறாரா? பக்கத்தில் இரண்டு கட்டங்கள். அந்தக் கேள்வியைப் படிவத்தில் இருக்கிறபடி நான் ஒருநாளும் கேட்டதில்லை. உங்கள் வீட்டில் பெருநாளுக்கு என்ன சமைப்பீர்கள் என்றுதான் கேட்பேன். போன கிழமை லிட்கத்தில் ஒரு கொரிய அம்மா, இரண்டு கையும் நடுங்குகிறவர், புதுவருடத்துக்குக் கொழுக்கட்டை மாதிரி ஒன்று அவிப்போம் என்றார். மா எவ்வளவு மெல்லிதாக இருக்க வேண்டும், உள்ளே வைக்கிற கோவாவை எப்படிப் பிழிய வேண்டும், ஓரத்தை எத்தனை மடிப்பாக மடிக்க வேண்டும் என்று அரை மணித்தியாலம் சொன்னார். இந்தக் கையோடு எப்படி மடிப்பீர்கள் என்று கேட்டேன். "மடிக்கிறது எதிர்வீட்டுப் பெண். பக்கத்தில இருந்து ஏசுறது நான்" என்றார். தானே சமைத்துக்கொள்கிறாரா? 'ஓம்' என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.